ஜாக்கெட் கொக்கி போட முடிகிறதா? தோல் இறுக்க நோயும் உடல் இயங்குதிறனும்

ரத்தப் பரிசோதனையில் புதிதாக ஒன்றுமில்லை. ஸ்கேன் போன வருஷம் இருந்த மாதிரியே இருக்கிறது. டாக்டரும் "நல்லா இருக்கீங்கம்மா, இதே மாத்திரையைத் தொடருங்க" என்று அனுப்பிவிடுகிறார். மறுநாள் காலையில் ஜாக்கெட் கொக்கியைப் போட முடியாமல் மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. சிஸ்டமிக் ஸ்க்லெரோசிஸ் என்கிற தோல் இறுக்க நோயோடு வாழ்கிறவர்கள் வீட்டில் இது அடிக்கடி நடப்பதுதான். நோய் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை ரிப்போர்ட் சொல்லும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒருவரால் ஒரு நாளில் என்னென்ன செய்ய முடிகிறது என்பதைச் சொல்லாது. இந்த இரண்டாவது விஷயத்துக்குத்தான் உடல் இயங்குதிறன் என்று பெயர். அதைத் தனியாகக் கேட்டு, தனியாக அளந்து, தனியாகக் காப்பாற்ற வேண்டும்.

நோயின் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று நம் வடசென்னைப் பக்கத்து வாழ்க்கையை வைத்தே சொல்கிறேன். குடியிருக்கும் வீட்டையும் பார்க்கும் வேலையையும் விட்டுவிட்டு இயங்குதிறனைப் பற்றிப் பேசவே முடியாது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்

நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்க ஆரம்பிக்கிற நோய்களில் இது ஒன்று. அதோடு சேர்ந்து சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சேதமாகிச் சுருங்குகின்றன. காயம் ஆறுவதற்கு உதவுகிற கொலாஜன் என்ற நார்ப்புரதம், காயமே இல்லாத இடத்தில் அளவுக்கு மீறிச் சேர்கிறது. தோல் தடித்து இறுகுவது அதனால்தான். ஒரு சைஸ் சின்னதான ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, கழற்றவே முடியாமல், அதோடேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி எழுவதாக நினைத்துப் பாருங்கள். இந்த நோய் வந்தவர் கை அப்படித்தான் இருக்கும். வெளியே தெரிவது தோல் மட்டும். உணவுக் குழாய், நுரையீரல், இதயம், சிறுநீரகம் என்று உள்ளேயும் அதே வேலை நடக்கலாம்.

பெரும்பாலும் பெண்களுக்கு, 30 முதல் 50 வயதுக்குள் ஆரம்பிக்கிறது. இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்றில் விரல், கை, முன்கை, பாதம், முகம் ஆகியவற்றோடு தோல் இறுக்கம் நின்றுவிடும். இதைக் குறுகிய வகை என்பார்கள். இன்னொன்றில் முழங்கைக்கும் முழங்காலுக்கும் மேலே, நெஞ்சு, வயிறு வரைக்கும் பரவும். இது பரவிய வகை. பரவிய வகையில் முதல் சில ஆண்டுகள் வேகமாக இருக்கும். உள்ளுறுப்புகளையும் சீக்கிரமே பாதிக்கலாம்.

இது தொற்று நோய் கிடையாது. தொட்டாலும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. விரல்கள் மடங்கிப்போய், நுனியில் புண் இருப்பதைப் பார்த்துவிட்டு, தெருவில் தொழுநோய் என்று பேசிக்கொள்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இதை அக்கம்பக்கத்தில் எடுத்துச் சொல்வதுகூட நோயாளிக்குச் செய்கிற உதவிதான். குழாயடியில் ஒதுக்கி வைத்தால் அவர் வெளியே வருவது குறையும். வெளியே வருவது குறைந்தால் நடை குறையும்.

காரணம் இதுதான் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. ஆனால் சிலிக்கா தூசியைப் பல வருஷம் சுவாசித்தவர்களுக்கு, முக்கியமாக ஆண்களுக்கு, இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் காலத்திலிருந்தே தெரியும். வார்ப்பட ஆலை, மணல் பீய்ச்சித் துரு எடுக்கும் வேலை, கல் அறுக்கும் வேலை என்று நம் பக்கத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் என்ன வேலை பார்த்தேன் என்பதை அவர்களே சொல்லிவிடுவது நல்லது.

ஒரே விரல், வேறு வேறு வீடு

உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஒரு வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. உடலுறுப்பு எப்படி இருக்கிறது, அதை வைத்து என்ன செயலைச் செய்ய முடிகிறது, அதனால் வீட்டிலும் வெளியிலும் எந்த அளவுக்குப் பங்கெடுக்க முடிகிறது, சுற்றியிருக்கும் இடமும் மனிதர்களும் அதற்கு ஒத்தாசையா இடைஞ்சலா என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது அது. கேட்க ஏட்டுச் சமாச்சாரம் மாதிரி இருக்கும். நம் தெருவில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

இரண்டு பெண்களுக்கு விரல்கள் ஒரே அளவுக்கு இறுகியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். வீட்டில் சமையலறைக்கே தண்ணீர் வருகிறது, கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. இன்னொருவர் மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத குடியிருப்பில். காலையில் கீழே இறங்கி அடிபம்பில் தண்ணீர் அடித்து, 15 லிட்டர் குடத்தை இடுப்பில் வைத்து மேலே ஏற வேண்டும். மருத்துவச் சீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும். ஆனால் முதலாமவரால் நாளை ஓட்டிவிட முடிகிறது, இரண்டாமவருக்குப் பத்து மணிக்குள்ளேயே உடம்பு ஓய்ந்துவிடுகிறது. அதனால் 'உங்க விரல் எவ்வளவு மடங்குது' என்று கேட்கிற டாக்டர் 'உங்க வீட்ல தண்ணி எங்கேர்ந்து எடுக்கறீங்க' என்றும் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

கை

இந்த நோயில் இயங்குதிறன் குறைவதற்குப் பெரிய காரணம் கைதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலானவர்களுக்கு நோய் ஆரம்பிப்பதே விரல் நிறம் மாறுவதில்தான். குளிர் பட்டாலோ மனப் பதற்றம் வந்தாலோ விரல் நுனி வெள்ளையாகி, பிறகு நீலம் பாய்ந்து, ரத்தம் திரும்பும்போது சிவந்து எரியும். 1862இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ பெயரால் இதற்கு ரேனோ நிகழ்வு என்று பெயர். சென்னையில் ஏது குளிர் என்று தோன்றும். ஏ.சி. பஸ், மெட்ரோ ரயில் பெட்டி, ஏ.டி.எம். அறை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவுப் பாத்திரம், மார்கழி விடியலில் கோலம் போடும்போது ஈரக் கையில் படுகிற காற்று, இது எல்லாமே போதும்.

என் அத்தை காசிமேட்டில் மீன் எடுத்து விற்றவர். விடியலுக்கு முன்பே ஏலம் முடிந்துவிடும். அப்புறம் உடைத்த ஐஸ் கட்டிக்குள் கையை விட்டு மீனை அள்ளி அடுக்க வேண்டும். "ஐஸ்ல கை வச்சா வெரலு செத்த மாரி ஆவுதுடி" என்று அவர் சொன்னபோது, அத்தனை வருஷம் ஐஸில் நின்ற கைக்கு அது சகஜம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வலது கையின் ஆள்காட்டி விரல் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு குழி விழுந்தது. மீன் முள் குத்தியிருக்கும் என்று மஞ்சள் வைத்துக் கட்டினார். முள் குத்திய புண் ஆறிவிடும். இது ரத்த ஓட்டம் குறைந்ததால் வந்த புண். ஆறுவதற்குத் தேவையான ரத்தமே அங்கே போய்ச் சேராததால் மாதக்கணக்கில் நீடித்தது. இந்த மாதிரிப் புண் ஒன்று இருந்தால் போதும், அந்த விரலை எதிலும் படாமல் தூக்கிக்கொண்டே வேலை செய்யப் பழகிவிடுவார்கள். விரலை உபயோகிக்காமல் இருக்க இருக்க மூட்டு இறுகும்.

புண்ணை விட மெதுவாக, ஆனால் நிரந்தரமாகக் கையைக் கெடுப்பது மடக்கம். ஆரம்பத்தில் விரல்கள் வீங்கி, மோதிரம் கழற்ற முடியாமல் போகும். அப்புறம் வீக்கம் வடிந்து தோல் எலும்போடு ஒட்டினாற்போல் ஆகும். நடு விரல் மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். கைமுட்டிப் பக்கத்து மூட்டுகள் முழுதாக மடங்காது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி குறுகும். இந்தக் கடைசி விஷயம் சாதாரணமாகத் தெரியும். சொம்பைப் பிடிப்பதும், கதவுக் குமிழைத் திருப்புவதும், பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதும் அந்த இடைவெளியை நம்பித்தான் நடக்கின்றன. சிலருக்குத் தோலுக்கு அடியில் சுண்ணாம்புச் சத்து கட்டிகளாகப் படிந்து, அழுத்தினால் உயிர் போகிற வலி எடுக்கும்.

தோல் இறுக்கத்தை அளக்க டாக்டர்கள் உடம்பில் 17 இடங்களில் தோலைக் கிள்ளிப் பார்த்து, ஒவ்வொரு இடத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 51. பரவிய வகையில் இந்த மதிப்பெண் முதல் சில ஆண்டுகள் ஏறி, பிறகு பலருக்குத் தானாகவே இறங்கும். தோல் மெத்தென்று ஆகும். மதிப்பெண் இறங்கிவிட்டது, நோய் அடங்கிவிட்டது என்று சந்தோஷப்படும்போது பார்த்தால், விரல்கள் மடங்கியபடியே இருக்கும். இறுக்கம் இருந்த காலத்தில் அசைக்காமல் விட்ட மூட்டு, தோல் இளகிய பிறகு தானாக நிமிராது. நோய் தெரிந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் கையை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் பிறகு அந்தக் கை எப்படி இருக்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. நான் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு உள்ளங்கைகளையும் கும்பிடுவது போல் சேர்த்து வையுங்கள். விரல்கள் முழு நீளத்துக்கும் ஒட்டுகின்றனவா, நடுவில் இடைவெளி தெரிகிறதா? அடுத்து கையை மூடி, விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். மாதம் ஒரு முறை இதை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த ஓ.பி.யில் வாயால் விளக்கத் தேவையே இருக்காது.

இன்னொரு விஷயம், யாரும் எதிர்பார்க்காதது. விரல் நுனித் தோல் இறுகி வழவழப்பானால், ரேஷன் கடைக் கருவியில் கைரேகை பதியாமல் போகலாம். ஆதாரில் கருவிழிப் பதிவும் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். கைரேகை விழவில்லை என்று வெறுங்கையோடு திரும்பி வர வேண்டியதில்லை.

வாய்

முகத் தோல் இறுகும்போது வாய் குறுகும். பெரியவர்களுக்கு மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் சுமார் 40 மில்லிமீட்டராவது திறக்கும். தன் சொந்த விரல்களில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் சோற்று உருண்டை சின்னதாகும், பல் துலக்கும்போது கடைசிப் பல் வரை பிரஷ் எட்டாது. எச்சில் சுரப்பதும் குறைந்தால் பல் சொத்தை சீக்கிரம் வரும். பல் டாக்டரிடம் போனால் அவருடைய கருவியும் நுழையாது. அதனால் வாய் நன்றாகத் திறக்கிற காலத்திலேயே பல் வேலைகளை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரக் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுகிற பெண்கள் உண்டு. வாயில் சோறு நிற்காமல் சிந்திவிடுமோ என்ற பயம்தான். அதுவும் இயங்குதிறன் குறைந்ததன் கணக்கிலேயே சேரும்.

மூச்சும் காலும்

கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்தில் படி ஏறி இறங்கும்போது மூச்சு வாங்கினால், 'வயசாகுது', 'வெயிட் போட்டுட்டேன்' என்று யாராக இருந்தாலும் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். தோல் இறுக்க நோய் இருப்பவர்கள் அப்படி விட்டுவிடக் கூடாது. நுரையீரலில் நார் படிவது ஒரு காரணமாக இருக்கலாம். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கலாம். இதயத் தசை பாதித்திருக்கலாம். வயிற்றின் உள் சுவரில் ரத்தக் குழாய்கள் விரிந்து, கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்து, ரத்தசோகை வந்திருக்கலாம். தொடைத் தசையே அழற்சியால் பலவீனமாகியிருக்கலாம். குடல் அசைவு மந்தமாகி, சாப்பிட்டது ஒட்டாமல் எடை குறைந்து, தசை கரைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் வெளியே தெரிவது 'படி ஏற முடியலை' என்ற ஒரே வாக்கியம்தான். எக்கோ என்கிற இதய ஸ்கேன், நுரையீரல் திறன் பரிசோதனை இரண்டையும் மூச்சு வாங்காதவர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை செய்வது அதனால்தான்.

ஆஸ்பத்திரியில் ஆறு நிமிட நடைப் பரிசோதனை என்று ஒன்று செய்வார்கள். நீளமான வராந்தாவில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளப்பார்கள், கூடவே ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆக்சிஜனைப் பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப், ரேனோ இருப்பவர்களின் குளிர்ந்த விரலில் சரியாகக் காட்டாது. நெற்றியிலோ காது மடலிலோ வைத்துப் பார்க்கிற கருவி இன்னும் நம்பகமானது. கொரோனா சமயத்தில் வாங்கிய கருவியை வீட்டில் வைத்துக்கொண்டு 'எண்பதுதான் காட்டுது' என்று பதறுகிறவர்கள், முதலில் கையைச் சூடாக்கிக்கொண்டு மறுபடி பார்க்க வேண்டும். கை சூடாக இருந்தும் குறைவாகவே காட்டினால் டாக்டரிடம் போக வேண்டும். அப்புறம், நடந்த தூரம் குறைவதற்கு மூச்சு மட்டுமே காரணமாக இருக்காது. முழங்கால் வலியும் இறுகிய பாதமும் தூரத்தைக் குறைக்கும். எதனால் நின்றீர்கள் என்பதை நடந்து முடித்ததும் சொல்லிவிடுங்கள்.

அசதியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி இது. சோம்பேறித்தனம் என்று மாமியார் சொல்வார், கணவர் சொல்வார், கொஞ்ச நாளில் நோயாளியே நம்பிவிடுவார். நோயின் ஒரு பகுதிதான் அது. தோல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதற்கும் அசதி எவ்வளவு என்பதற்கும் நேர் கணக்கு கிடையாது.

இதை எப்படி அளக்கிறார்கள்?

ஆளிடமே கேட்டு அளக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் 1980இல் வெளியிட்ட ஒரு கேள்வித்தாள்தான் உலகம் முழுக்க அதிகம் புழங்குகிறது. உடை உடுத்துவது, எழுந்திருப்பது, சாப்பிடுவது, நடப்பது, சுத்தம் செய்துகொள்வது, எட்டி எடுப்பது, பிடிப்பது, மற்ற வேலைகள் என்று எட்டுப் பிரிவுகளில் 20 கேள்விகள். சிரமமே இல்லை என்றால் 0, செய்யவே முடியவில்லை என்றால் 3. பிரிவுகளின் சராசரிதான் மதிப்பெண். தோல் இறுக்க நோய்க்காக 1997இல் இதோடு ரேனோ, விரல் புண், குடல், மூச்சு, மொத்தத்தில் நோயின் கடுமை என்ற ஐந்து அளவுகோல்களைச் சேர்த்தார்கள். கைக்கு மட்டும் தனியாக, பாரிஸின் கோஷான் ஆஸ்பத்திரி பெயரில் 18 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு.

அந்த அமெரிக்கத் தாளில் குளியல் தொட்டிக்குள் இறங்குவது, இறைச்சியைக் கத்தியால் வெட்டிச் சாப்பிடுவது என்றெல்லாம் கேள்விகள் வரும். தண்டையார்பேட்டையில் அதற்கு என்ன பதில் சொல்வது? டெல்லியில் ஒரு குழு ரூமட்டாய்டு மூட்டு வாத நோயாளிகளுக்காக இதை இந்திய வாழ்க்கைக்கு மாற்றி, 12 கேள்விகளாக 2002இல் வெளியிட்டது. சேலை கட்டுவது, கழிவறையில் குந்துவது, தரையில் சம்மணம் போடுவது, ஆட்டோவில் ஏறி இறங்குவது, காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்வருவது என்று கேட்கிற தாள். நம் ஆட்களுக்கு இந்தக் கேள்விகள்தான் புரியும்.

மதிப்பெண் எதற்கு என்று கேட்டால், போன வருஷத்தோடு இந்த வருஷத்தை ஒப்பிடத்தான். மனம் பழகிவிடும். செய்ய முடியாததை விட்டுவிட்டு, முடிந்ததை மட்டும் செய்துகொண்டு 'பரவாயில்லை, இருக்கேன்' என்பார்கள். தாள் பழகாது.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

நம் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். "எப்படிம்மா இருக்கீங்க?" என்றால் "இருக்கேன் சார்" என்போம். அங்கேயே பேச்சு முடிந்துவிடும். செய்கிற வேலையை வைத்துச் சொன்னால் கதையே வேறு.

"சார், போன தீபாவளிக்கு நானே தலை பின்னிக்கிட்டேன். இப்போ கை பின்னாடி போகலை." இதைக் கேட்டதும் தோள்பட்டை, முழங்கை, தசைநார் எல்லாவற்றையும் டாக்டர் தொட்டுப் பார்ப்பார். "ரெண்டு மாடி ஒரே மூச்சுல ஏறுவேன். இப்போ முதல் மாடியிலேயே நின்னு மூச்சு வாங்கிட்டுதான் ஏறறேன்" என்றால் அவர் கவனம் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் ஹீமோகுளோபினுக்கும் போகும். "தரையில உட்கார்ந்தா கையை ஊணாம எழ முடியலை" என்றால் தசையைச் சோதிப்பார். எதைச் செய்தேன், எப்போதிலிருந்து முடியவில்லை, வலியாலா, இறுக்கத்தாலா, மூச்சாலா, அசதியாலா என்று சேர்த்துச் சொல்லுங்கள். முந்தின நாள் ராத்திரியே ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போய்விடுங்கள்.

கூடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எல்லாம் நல்லாதான் செய்றாங்க சார்" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அவர் எதை விட்டுவிட்டார் என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

மருந்துகள் நோயின் வேகத்தைக் குறைக்கும். மைகோஃபெனலேட், நின்டெடானிப் போன்றவை நுரையீரல் மேலும் கெடுவதைத் தாமதப்படுத்தும். அம்லோடிபின், நிஃபெடிபின், சில்டெனாஃபில் போன்றவை விரலுக்கு ரத்தம் போக உதவும். ஆனால் மடங்கிய விரலை நிமிர்த்துகிற மாத்திரை எதுவும் இல்லை. அதற்குப் பயிற்சிதான்.

கையைச் சூடான தண்ணீரில் சற்று நேரம் வைத்து எடுத்துவிட்டுத் தொடங்கலாம். உள்ளங்கையை மேசையில் பரத்தி, இன்னொரு கையால் மெல்ல அழுத்தி 10 எண்ணும் வரை வைத்திருப்பது. விரல்களை அகல விரிப்பது. விரல்களை முட்டிப் பக்கத்து மூட்டிலிருந்து மடக்குவது. கட்டை விரல் நுனியைச் சுண்டு விரல் அடிக்குக் கொண்டுபோவது. இதைத் தினமும் செய்ய வேண்டும். இழுவை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. வாய்க்கும் இதே மாதிரிதான். அகலமாகத் திறப்பது, பல் தெரியச் சிரிப்பது, உதட்டைக் குவிப்பது, கட்டை விரல்களைக் கடைவாயில் வைத்து மெல்ல வெளிப்பக்கம் இழுப்பது. நிறுத்திவிட்டால் திரும்பவும் குறுகிவிடும்.

பிசியோதெரபி பிரிவில் மெழுகுச் சிகிச்சை கொடுப்பார்கள். வெதுவெதுப்பான பாரஃபின் மெழுகில் கையை முக்கி எடுத்து, துணி சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் பயிற்சி செய்தால் விரல் நன்றாக விரியும். இதை வீட்டில் மெழுகுவத்தியை உருக்கிச் செய்யவே கூடாது. ஆஸ்பத்திரி மெழுகில் எண்ணெய் கலந்து, குறைந்த சூட்டிலேயே உருகும்படி வைத்திருப்பார்கள். மெழுகுவத்தி கையைச் சுட்டுவிடும். விரலில் திறந்த புண் இருந்தால் ஆஸ்பத்திரி மெழுகும் வேண்டாம்.

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, கை அறுவை சிகிச்சைக்கும் கை மறுவாழ்வுக்கும் பேர்போன பிரிவு பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. வாத நோய்க்குத் தனிப் பிரிவு சென்ட்ரல் பக்கத்திலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் உண்டு. மருந்துச் சீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், "பிசியோதெரபிக்கும் எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

நடை, உட்கார்ந்தபடி சைக்கிள் மிதிப்பது போன்ற பயிற்சிகள் இந்த நோயில் ஆபத்து என்று ஒரு பயம் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு டாக்டர் சரி என்றால், உடற்பயிற்சியால் நன்மைதான். திருவொற்றியூர் கடற்கரை ஓரம் மாலையில் நடக்கலாம். காற்று சில்லென்று அடித்தால் கையில் உறை போட்டுக்கொள்ளலாம். கையை மட்டும் மூடினால் போதாது, உடம்பும் கதகதப்பாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் வரும். ஐஸில் வேலை செய்தே ஆக வேண்டியவர்கள் உள்ளே பருத்தி உறையும் மேலே ரப்பர் உறையும் போட்டுக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட், வாயில் அதக்குகிற புகையிலை எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே சுருங்கிய குழாயை நிகோடின் இன்னும் சுருக்கும்.

வீட்டில் செய்கிற சின்ன மாற்றங்களுக்குப் பெரிய பலன் உண்டு. ஜாக்கெட்டில் கொக்கி இருந்த இடத்தில் தையல்காரரிடம் வெல்க்ரோ வைத்துத் தைக்கச் சொல்லலாம். மடிப்பு தைத்தே வருகிற சேலைகள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கிடைக்கும். திருகு குழாயை நெம்பு குழாயாக மாற்றலாம். கரண்டிக் காம்பில் பஞ்சும் துணியும் சுற்றித் தடிமனாக்கலாம். பால் பாக்கெட்டைப் பல்லால் கடிக்காமல் கத்தரியால் வெட்டலாம். குடத்தைப் பாதி நிரப்பலாம். இந்தியக் கழிவறைக்கு மேல் வைக்கிற நாற்காலி மருந்து சாமான் கடைகளில் கிடைக்கும்.

பாசத்தில் எல்லா வேலையையும் வீட்டார் பிடுங்கிக்கொள்வதையும் பார்க்கிறேன். அத்தைக்கு நாங்களும் அதைத்தான் செய்தோம். பூ தொடுப்பது, அரிசி களைவது, மாவு பிசைவது எல்லாமே விரலுக்குப் பயிற்சிதான். கனமான வேலையையும் குளிர்ந்த வேலையையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை அவர் தன் வேகத்தில் செய்யட்டும்.

மடக்கம் நிலையாகி வேலை பார்க்க முடியாமல் போனவர்கள் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோயின் பெயர் தனியாக இல்லை. ஆனால் கை, கால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் மருத்துவக் குழு அளந்து சதவீதம் போடும். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல சலுகைகளுக்குத் தகுதி வரும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

இயங்குதிறன் மாதக்கணக்கில் மெல்லக் குறைவது ஒரு வகை. நேற்று வரை செய்ததை இன்று செய்ய முடியாமல் போனால் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காதீர்கள். விரல் நுனி கறுத்துப்போய் வலி பொறுக்க முடியாமல் இருப்பது, புண்ணில் சீழ் வைப்பது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நடக்கும்போது மயங்கி விழுவது, கால் திடீரென்று வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்று, பரவிய வகை இருப்பவர்கள் முதல் சில ஆண்டுகளில் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. கடுமையான தலைவலி, கண் மங்கல், அதோடு ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுவது சிறுநீரகம் தாக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு காலத்தில் இது உயிரைப் பறித்த சிக்கல். ஏ.சி.இ. தடுப்பான் என்ற வகை ரத்த அழுத்த மாத்திரைகள் வந்த பிறகுதான் நிறையப் பேர் பிழைக்கிறார்கள், அதுவும் உடனே ஆரம்பித்தால். அதிக அளவு ஸ்டீராய்டு இந்தத் தாக்குதலைத் தூண்டக்கூடும். வலிக்கு நல்லது என்று மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டர் கொடுத்ததைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். வீட்டில் ஒரு பி.பி. கருவி இருக்கட்டும். ராத்திரி கேஷுவாலிட்டிக்குப் போகும்படி ஆனால், நோயின் பெயர் எழுதியிருக்கும் சீட்டைக் கையோடு எடுத்துப்போய், தலைவலி என்று சொல்வதற்கு முன்பே அதைக் காட்டுங்கள்.